மூத்தவளின் முறை

திரையில் ஒன்று என்றிருந்தது.

அரசு மருத்துவக் கல்லூரிகளில், அவர்கள் பிரிவில், மிச்சம் ஒரே ஒரு இடம்.

கணினிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த பெண், எது வேண்டும் என்று கேட்டுவிட்டுக் காத்திருந்தாள்.

மூத்தவள் அந்த ஒன்றையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பக்கத்து நாற்காலியில் அப்பா. மடியில் சான்றிதழ்க் கோப்பு. கோவில்பட்டியில் பாத்திரக்கடை விற்பனையாளர். சும்மா வேடிக்கை பார்க்க வந்தவரையும் பேசிப் பேசியே ஒரு குடம் வாங்க வைத்துவிடுவார். கலந்தாய்வுக் கூடத்துக்குள் வந்ததிலிருந்து அந்த வாயைக் காணோம்.

பின்வரிசையில், அடுத்து அழைக்கப்படப்போகிறவளாக, முத்துச்செல்வி.

தங்கை. ஒரே வயிற்றில் ஒன்றாகக் கிடந்து, சற்றே பிந்தி வந்தவள்.

இரண்டு பேருக்கும் நீட்டில் ஒரே மதிப்பெண். உயிரியலில் மட்டும் அவளுக்குக் கொஞ்சம் கூட. அதனால் தரவரிசையில் அவள் முன்னால், தங்கை நேர் பின்னால்.

ஊரே அதிசயப்பட்டது. ஒரே வீட்டில் இரண்டு டாக்டர் என்று பேசினார்கள். பேசுகிறவர்களுக்கு என்ன, வாயா வலிக்கப்போகிறது?

அவள் எடுத்தால் தங்கைக்கு இல்லை. அவள் வேண்டாமென்றால் தங்கைக்கு.

மற்றதெல்லாம் சுயநிதிக் கல்லூரிகள். அங்கே கேட்கிற பணத்துக்கு வீட்டை விற்றாலும் பாதிப் படிப்பு தாண்டாது. இடம் கிடைக்காதவள் ஊருக்குத் திரும்பி ஏதாவது ஒரு பி.எஸ்சி.யில் சேர வேண்டியதுதான். இன்னொரு வருடம் பயிற்சி மையத்துக்கு அனுப்ப அப்பாவிடம் தெம்பு இல்லை.

காலையில் லாட்ஜ் அறையில் அம்மா அவளுக்குத் தலை பின்னிவிட்டாள். தங்கை குளிக்கப் போன நேரம். அதற்காகவே காத்திருந்திருப்பாள். முத்து பூஞ்சை உடம்புக்காரி, ஏமாற்றம் தாங்க மாட்டாள், நீ எதையும் தாங்குவாய் என்று சடையிடம் சொல்வதுபோலச் சொன்னாள்.

"நீ மூத்தவ. பாத்து நடந்துக்க தாயி."

அம்மாவுக்கு ஒரு கண்ணில் வெண்ணெய், ஒரு கண்ணில் சுண்ணாம்பு என்று சொல்லிவிட முடியாது. இரண்டும் அவளுக்குக் கண்தான். எந்தப் பிள்ளை அழுதால் தாங்காதோ, அதன் கண்ணை முதலில் துடைப்பாள். மற்றது தானே துடைத்துக்கொள்ளப் பழகிவிட்டது.

பிறந்தநாளுக்கு ஒரே கேக்தான் வரும். கத்தி தங்கையின் கையில். அவள் அந்தக் கைமேல் தன் கையை வைத்துக்கொள்வாள். புகைப்படத்தில் இரண்டு பேரும் வெட்டுவதுபோலத்தான் இருக்கும்.

அவள் அப்பாவைப் பார்த்தாள்.

அவர் தரையைப் பார்த்தபடியே, உன் இஷ்டம் என்றார்.

அவள் இஷ்டத்தை யாராவது கேட்டது அதுதான் முதல் தடவை.

அவளுக்கும் ஆசை இருந்தது. கொள்ளை ஆசை. விட்டுக்கொடுப்பதற்காகவா ராத்திரி பகல் பாராமல் படித்தாள்?

தனக்கு மிஞ்சித்தான் தானம் என்பார்கள். இங்கே மிஞ்ச என்ன இருக்கிறது? இருப்பதே ஒன்று.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் மனசு மாறிவிடும் என்று அவளுக்குத் தெரியும்.

திரையில் அந்தக் கல்லூரியின் பெயரைத் தொட்டுக் காட்டினாள்.

ஒன்று பூஜ்யமானது.

சுவரில் மாட்டியிருந்த பெரிய திரையிலும் மாறியது. கூடத்தில் இருந்த எல்லோரும் பார்த்தார்கள்.

ஒதுக்கீட்டு ஆணையை நீட்டினார்கள். வாங்கிக்கொண்டு எழுந்தாள். அப்பா எழுந்திருக்கவில்லை. அடுத்து வருவதும் அவர் பெண்தானே.

தங்கை வந்து, அவள் எழுந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். இவள் தலையைக் குனிந்துகொண்டே நடந்தாள்.

வெளியே போக வேறு வழி. அந்தக் கதவைத் தாண்டியதும் அழுகை பொத்துக்கொண்டு வந்தது. சந்தோஷமா, குற்ற உணர்வா, அவளுக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

மரத்தடியில் அம்மா நின்றிருந்தாள். பெற்றோரில் ஒருவர்தான் உள்ளே வரலாம் என்று வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். அழுதுகொண்டு வருகிற மகளைப் பார்த்ததும் சாப்பாட்டுப் பையை அப்படியே போட்டுவிட்டு ஓடிவந்தாள்.

எதுவும் கேட்கவில்லை. பெற்றவளுக்குத் தெரியாதா?

இழுத்து நெஞ்சோடு சேர்த்து அணைத்துக்கொண்டாள். அம்மா தன்னை இப்படி இறுக்கிப் பிடித்ததாக அவளுக்கு ஞாபகமே இல்லை.

"அழாத தாயி. விட்டுக்குடுத்தவுக கெட்டுப்போனதில்ல. தங்கச்சி டாக்டரான பெறகு ஒன்னையக் கைவிட்டுருவாளா?"

சொல்லிவிடத்தான் வாயெடுத்தாள்.

கையிலிருந்த தாள் இருவருக்கும் நடுவில் கசங்கியது. இன்னும் கொஞ்ச நேரம் இப்படியே இருந்தால் என்ன என்று தோன்றியது.

அம்மாவின் தோளுக்கு அப்பால் கதவு திறந்தது. அப்பா வந்தார். அவருக்குப் பின்னால் முத்து, வெறுங்கையோடு.

அம்மா திரும்பிப் பார்க்கவில்லை. மூத்தவளின் முதுகை இன்னும் தட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தாள்.