காயாத இடம்

மேஸ்திரி தன் மனைவிக்கு ஒரு நாள் ஓய்வு பாக்கி வைத்திருந்தார். பழைய வீட்டோடு, கண்ணாடியும் மண்சுவருமாய் ஒரு புது அறை சேர்க்கும் வேலை. காய்ச்சலோடு பாதிச் சுவரில் சாய்ந்து நின்றவளிடம், "இன்னைக்கு மட்டும் மண்ணு சுமந்துடு, நாளைக்குப் படுத்துக்கோ" என்றார். மறுநாள் அவள் எழுந்திருக்கவே இல்லை; தூக்கத்திலேயே உயிர் போயிருந்தது.

வேலை முடியப்போகிற நேரத்திலும், அவள் முதுகு சாய்ந்த இடம் மட்டும் ஈரமாகவே இருந்தது.

"குழாய் எதுவும் கசியுதா, மேஸ்திரி?" என்றார் வீட்டுக்கார அம்மா.

"இந்தப் பக்கம் குழாயே இல்லம்மா. சொன்ன பேச்சு கேக்காத சுவரு" என்று சிரித்துவைத்தார். சொன்ன பேச்சைக் கேட்டவள் அவள்தான்.

அந்த அம்மா போனதும் ஈரத்தில் கைவைத்தார். காய்ச்சல்காரி நெற்றிபோல் சுட்டது.

"போதும்டி. மண்ணைப் போட்டுட்டு வீட்டுக்குப் போ. மிச்சத்தை நான் பாத்துக்கறேன்" என்றார் சுவரிடம்.

சாயங்காலம் சுவர் முழுக்க ஒரே நிறமாய்க் காய்ந்திருந்தது. மறுபடியும் கைவைத்தார். ஜில்லென்று இருந்தது.