கம்பெனிப் பெட்டி

காரின் பானெட்டைத் தூக்கிய பீர் முகம்மது உள்ளே குனிந்து பார்த்தார். கூம்பு மாதிரி இருந்த ஏர் ஃபில்டர் முழுக்க வெள்ளைப் பஞ்சு அப்பியிருந்தது. கார்புரேட்டர் பக்கம் அது கருகியிருந்தது.

"வண்டி இழுக்கவே மாட்டேங்குதுங்க பாய். நேத்து நீலாம்பூர்கிட்ட லாரியத் தாண்டறப்ப டப்புன்னு வெடிச்சுது" என்றார் நஞ்சப்பன். கருமத்தம்பட்டியில் தறிக்கூடம் வைத்திருப்பவர். மெக்கானிக்கிடம்கூட 'ங்க' போடாமல் பேசமாட்டார்.

இன்னொரு தடவை அப்படி வெடித்திருந்தால் பஞ்சு பற்றிக்கொண்டிருக்கும். காருக்குள் இந்த மனுஷன் இருந்திருப்பார். பீர் முகம்மது இதைச் சொல்ல வாயெடுத்து, அடக்கிக்கொண்டார்.

ஃபில்டரை மாட்டியது அவரேதான். மாட்டச் சொன்னது நஞ்சப்பனின் மனைவி பாவாத்தாள்.

சித்திரையில் கார் சர்வீசுக்கு வந்திருந்தபோது அவள் தனியாகப் பஸ் ஏறி வந்தாள். துணிக்கடைப் பையிலிருந்து ஃபில்டரை எடுத்து மேஜைமேல் வைத்தாள்.

"கல்யாண நாளுக்கு அவருக்குக் குடுக்கறனுங்க பாய். இதை மாட்டிப்போடுங்க."

"அம்மணி, இது ரேஸ் ஓட்டற பசங்க மாட்டறது. கம்பெனிக்காரன் சும்மாவா இம்மாம் பெரிய பொட்டி வெச்சிருக்கறான்? அதுதான் குளுந்த காத்தை இழுக்கும், தூசிய நிறுத்தும், சத்தத்தையும் அமுக்கிப்போடும். இதை மாட்டுனா வண்டி உறுமும். வேகம் ஒண்ணும் கூடாது."

"நல்லா உறுமுமுங்களா?"

"காது கிழியும்."

"எங்கூட்டைச் சுத்தித் தறிங்க பாய். அந்த இரைச்சலுக்கு மேல கேக்குமுங்களா?"

ஊருக்கெல்லாம் காட்டிக்கொள்ள ஆசைப்படுகிறாள் என்று நினைத்துக்கொண்டார். அப்புறம் கொஞ்சம் கடுமையாகவே சொன்னார்.

"தறி இருக்கறதுனாலதான் அம்மணி வேண்டாங்கறேன். உங்க ஊர்ப் பஞ்செல்லாம் இதுல வந்து அடையும். எஞ்சின் எதிர்த்து அடிச்சா ஒரு பொறி போதும். ஆளோட எரிஞ்சுபோகும்."

பாவாத்தாள் காலிப் பையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டாள்.

"அந்தக் கார்ல நாங்க யாரும் ஏறறதில்லீங்க. அவரு மட்டுந்தான் போறாரு. மாட்டிருங்க."

அன்றைக்கு அவர் மாட்டிவிட்டார். அவள் சொன்னது பிறகுதான் நெஞ்சில் உறுத்தத் தொடங்கியது. அவிநாசி ரோட்டில் தீயணைப்பு வண்டி மணியடித்துக்கொண்டு போகும்போதெல்லாம் பட்டறை வாசலுக்கு ஓடி வந்து பார்ப்பார். எந்த ஆளை எரிப்பதற்கு நான் கை கொடுத்தேன் என்று படுக்கையில் புரண்டார்.

இப்போது அந்த ஆள் எதிரே நின்று, பேக்கரியிலிருந்து வாங்கி வந்த தேங்காய் பன்னை அவருக்குப் பிட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

"அண்ணா, இந்த ஃபில்டர் வேண்டாங்ணா. பழைய பொட்டியப் பத்திரமா வெச்சிருக்கறேன். அதையே மாட்டிர்றேன்."

"ஊர்ப் பசங்க திரும்பித் திரும்பிப் பாக்கறானுங்க பாய்! அம்மணி ஆசையா வாங்கிக் குடுத்தது வேற."

"உசிரு முக்கியமுங்ணா."

நஞ்சப்பன் அவர் முகத்தைப் பார்த்தார். பிறகு தலையாட்டினார்.

பீர் முகம்மது பரண்மேல் சாக்கில் சுற்றி வைத்திருந்த கறுப்புப் பெட்டியை இறக்கினார். உள்ளே புது ஃபில்டர் போட்டு, கிளிப்புகளை ஒவ்வொன்றாக அழுத்தினார். கருகிய கூம்பைக் குப்பை டிரம்மில் வீசியபோது மனசு லேசானது.

நஞ்சப்பன் சாவியைத் திருப்பினார். கார் பூனை மாதிரி முனகியது.

"ஓடுதா நின்னுபோச்சான்னே தெரியலீங்களே பாய்!" என்று சிரித்தார். "இனி நான் வாரதே ஊட்ல யாருக்கும் தெரியாது."

கார் சத்தமில்லாமல் ரோட்டில் ஏறி மறைந்தது. பீர் முகம்மது கையைத் துடைத்துக்கொண்டு, வெகு நாளைக்குப் பிறகு ஒரு டீயை நிதானமாகக் குடித்தார்.

பொழுது இறங்கும் நேரம், ஷட்டரை இழுக்கப் போகையில் போன் அடித்தது.

"பாய்... நான் பாவாத்தாள் பேசறனுங்க." குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போலிருந்தது. "பக்கத்தூட்டுல இருந்து கூப்படறேன். நீங்க குடுத்த காலண்டர்ல நம்பர் இருந்துச்சுங்க."

பின்னால் ஒரு குழந்தை தேம்பிக்கொண்டிருந்தது. தறிகள் விடாமல் இரைந்தன.

"கார்ல அந்த ஃபில்டரைக் காணோமுங்களே பாய்?"

பீர் முகம்மதுவுக்குக் கோபம் பொங்கியது. திட்டம் கெட்டுப்போன ஆத்திரத்தில் இத்தனை தைரியமா?

"நாந்தான் கழட்டி வீசுனேன். எனக்கு எல்லாம் தெரியும் அம்மணி. இனி எவன்கிட்டயும் அதைக் கொண்டுபோய் மாட்டாதீங்க. மாட்டுனீங்கன்னா நானே வந்து உங்க வீட்டுக்காரர்கிட்டச் சொல்லிருவேன். ஒரு உசிரைக் காப்பாத்தியிருக்கறேன், தெரியுங்களா?"

குழந்தையின் தேம்பல் போனுக்கு அருகில் வந்தது.

"இன்னிக்கு அவரு கதவைத் தொறந்து உள்ள வந்து, பெல்ட்டக் கழட்டற வரைக்கும் எனக்குத் தெரியலீங்க பாய்" என்றாள்.

பீர் முகம்மது குப்பை டிரம் பக்கம் திரும்பினார்.

"கார் உறுமற சத்தம் கேட்டாத்தானுங்க, நான் புள்ளையத் தூக்கிட்டுப் பின்கதவு வழியா ஓடுவேன்."