ஒர்லிந்தம்மாள்

"ஹெரன்னு ஒரு கப்பலே கெடையாதுங்கிறாங்க தம்பி. நீங்களாச்சும் கேள்விப்பட்டிருக்கீங்களா?"

றோஸ் இப்படிக் கேட்டதும் செல்லச்சாமி தேத்தண்ணீர்க் கோப்பையை அப்படியே பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். மடுல்கெல்லத் தோட்டத்தில், தேயிலை அரைக்கும் ஸ்டோரில் பாய்லர் வேலைக்கென்று கம்பளையிலிருந்து முந்தாநாள்தான் வந்தவன். வேதக்காரனும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை, மணிச் சத்தம் கேட்டு மாதா கோயில் வாசல்வரை வந்து சும்மா நின்றான். முன்னே கப்பலில் கரி போட்ட ஆள் என்று யாரோ றோஸின் காதில் போட்டுவிட்டார்கள். விடுவாளா? தேத்தண்ணீரைக் கையில் கொடுத்துப் படியில் உட்காரவைத்துவிட்டாள்.

அவள் புருஷன் மரியநாயகம் ஜெர்மன் சண்டைக் காலத்தில் கப்பலேறியவன். ஹெரன் என்ற கப்பலில் கரி போடுகிறேன், சண்டை முடிந்ததும் வந்துவிடுவேன் என்று ஓர் ஆளிடம் சொல்லியனுப்பினான். அதோடு சரி. சண்டை முடிந்தது, ஊர் அதை மறந்தும் போனது, மரியநாயகம் மட்டும் வரவில்லை. கண்டியில் ரயிலேறிக் கொழும்புக்குப் போய்த் துறைமுக வாசலில் நின்று கேட்டாள். அப்படியொரு கப்பலைக் கண்டதுமில்லை, கேட்டதுமில்லை என்று விரட்டிவிட்டார்கள்.

விரட்டினால்? செத்துப்போனான் என்று எவனும் சொல்லவில்லையே! தாலியைக் கழற்றச் சொன்ன நாத்தனாரோடு அன்றைக்கே பேச்சை நிறுத்தினாள். கோயில் மணிக்காரி அவள். தோட்டத்து லய வீடுகளில் யார் கண்ணை மூடினாலும் துக்க மணி அடிப்பது அவள்தான். மரியநாயகத்துக்கும் ஒரு தடவை அடித்து, ஒரு பூசை வைத்துவிடலாமே என்று சாமியார் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். "வர்ற மனுசனுக்கு எதுக்கு சாமி துக்க மணி?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டாள். ராத்திரியில் தனியாகப் படுத்திருக்கும்போது அந்த மனுஷனின் இருமலையாவது ஒரு தடவை கேட்கமாட்டோமா என்று அவள் ஏங்கியது சாமியாருக்குத் தெரியாது.

அவளுக்கிருந்த ஒரே துணை ஒர்லிந்தம்மாள்.

யாரந்தப் புனிதை என்று என்னைக் கேட்காதீர்கள். முன்பிருந்த பெரிய சாமியார் கொழும்பில் ஏலத்தில் எடுத்துவந்த வெண்கல மணியில் இங்கிலீசில் ஒர்லிந்தா என்று வெட்டியிருந்தது. விவரம் சொல்லுமுன்பே அவரும் போய்ச் சேர்ந்துவிட்டார். கோயில் மணிக்கு மந்திரித்து ஒரு புனிதர் பேர் வைப்பது வழக்கமல்லவா? சனங்கள் அந்தப் பேரோடு ஓர் அம்மாளைச் சேர்த்துக் கும்பிடத் தொடங்கிவிட்டார்கள். பிள்ளைக்குக் காய்ச்சலா, ஒர்லிந்தம்மாள். ஆட்டைக் காணோமா, ஒர்லிந்தம்மாள். இப்போதிருக்கும் சாமியார் புனிதர் வரலாறுகளையெல்லாம் புரட்டிவிட்டு, அப்படி மோட்சத்தில் யாருமே இல்லையென்று தலையிலடித்துக்கொண்டார். றோஸா கேட்பாள்? மூன்று வேளையும் கயிற்றைப் பிடிக்கும்போதெல்லாம் "அம்மா, அவரு போன கப்பலைக் கொண்டாந்து விடு" என்று மன்றாடித்தான் இழுப்பாள்.

செல்லச்சாமி கோப்பையைக் கீழே வைத்தான்.

"அந்தக் கப்பல்லதாங்கக்கா நானும் இருந்தேன்."

அவன் மெதுவாகச் சொன்னான். அது முதலில் தேயிலைப் பெட்டி ஏற்றிய சரக்குக் கப்பலாம். சண்டை வந்ததும் கடற்படை பிடித்துக்கொண்டு, சாம்பல் சாயம் அடித்து, பின்பக்கம் ஒரு பீரங்கியைப் பூட்டி, பேரையும் ஹெரன் என்று மாற்றியதாம். கரி, கோவேறு கழுதை, பட்டாளத்தார் என்று எதைத்தான் சுமக்கவில்லை! சண்டை முடிந்ததும் ஒரு கிரேக்கன் வாங்கி இன்னொரு பேர் வைத்தான். ஹெரன் என்று கேட்டால் துறைமுகத்தில் யாருக்குத் தெரியும்? கடைசியில் ஓட்டை விழுந்து கொழும்பிலேயே அக்கக்காகக் கழற்றி விற்றுவிட்டார்கள்.

"கப்பல் போகட்டும் தம்பி. அவரு?"

செல்லச்சாமி தலையைக் குனிந்துகொண்டான். "மரியநாயகண்ணனுக்குச் செங்கடல்ல போறப்ப வெக்கை தாங்கலக்கா. கரி போட்டுக்கிட்டே சாஞ்சிட்டாரு. கித்தானில சுத்தித் தச்சு, கடல்ல எறக்கினோம்."

அவள் அழவில்லை. மணிக்காரிக்குத் தோன்றியதைத்தான் கேட்டாள்.

"ஒரு மணிகூட இல்லாமயா அனுப்பினீங்க?"

"அடிச்சோம்க்கா. நாந்தான் அடிச்சேன். அவரு தண்ணிக்குள்ள மறையிற வரைக்கும் நிறுத்தல."

"கப்பல்ல ஏது தம்பி மணி?"

எல்லாக் கப்பலிலும் ஒன்று இருக்கும் என்றான் அவன். றோஸ் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். மத்தியான மணிக்கு நேரமாகிவிட்டது. இன்றைக்கு அடிக்கப்போவது துக்க மணி. அந்த மனுஷனுக்குத் தன் கையாலும் ஒரு தடவை அடித்துவிட வேண்டும் என்று மணிக்கயிற்றண்டை போனாள். கூடவே வந்து நின்ற செல்லச்சாமி, அவளுக்கு ஆறுதலாக இருக்கட்டுமென்று பேச்சுக் கொடுத்தான்.

"கப்பலுக்கு எத்தனை பேரு மாத்தினாலும் மணியில மட்டும் கை வைக்கமாட்டாங்கக்கா. கப்பலுக்கு ஆகாதும்பாங்க. கடைசிவரைக்கும் அதுல மொதப் பேருதான் இருந்துச்சு."

கயிற்றைப் பிடித்தபடியே றோஸ் கேட்டாள். "என்ன பேரு?"

"ஒர்லிந்தா."

கயிறு அவள் கையை விட்டு நழுவியது. அவரு போன கப்பலைக் கொண்டாந்து விடு என்று இத்தனை வருஷமும் அவள் இழுத்து இழுத்துக் கேட்டது அந்தக் கப்பலின் மணியிடம்தான். மரியநாயகத்தின் துக்க மணி என்றைக்கோ அதிலேயே அடித்தாகிவிட்டது.