பேச ஆள் தேவை

"இந்த ஆளை மேடையில ஏத்தினோம்னா, கூட்டம் முடிஞ்சதும் நம்மளைத்தான் தேடிட்டு வருவாங்க," என்று கையிலிருந்த தாளை மேஜைமேல் போட்டார் பொருளாளர் அம்மா.

புரோகிராமர் சங்கத்தின் மாநாட்டுக்குப் பேச்சுகளைத் தேர்ந்தெடுக்கும் கமிட்டி அது. மொத்தமே மூன்று பேர். தலைவர், பொருளாளர் அம்மா, சங்கமே 'தாடி' என்று கூப்பிடும் செயலாளர். தலைவர் வீட்டு முன்னறையில், மடிக்காத துணிகளை ஓரம் தள்ளிவிட்டு சோபாவில் இடம்பிடித்திருந்தார்கள்.

பேச ஆசைப்படுகிறவர்கள், என்ன பேசப் போகிறோம் என்று ஒரு பக்கம் எழுதி அனுப்ப வேண்டும். கமிட்டி கைக்குப் பெயர் இல்லாமல்தான் வரும். தொண்டை கிழியக் கூவியும் வந்து சேர்ந்தது மூன்றுதான். சாயங்காலத்துக்குள் ஒன்றையாவது தேர்ந்தெடுக்காவிட்டால் ஹால் யோகா வகுப்புக்குப் போய்விடும். அப்புறம் மாநாடும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை.

"அப்படி என்னம்மா எழுதியிருக்கு?"

"'கம்ப்யூட்டரை அணைத்துப் போடுவதன் தத்துவம்'. ஒரு பக்கம் முழுக்க அணைக்கிறார், போடுறார். இவர் பொறந்ததுல இருந்து ஒரு புரோகிராமாவது எழுதியிருப்பாரா?"

"தத்துவம்னா கொஞ்சம் அப்படித்தான் இருக்கும்," என்று முணுமுணுத்த தலைவர், அடுத்த தாளை எடுத்தார். "இது அதுக்கு மேல. 'ஒரு கமாவால் நின்ற கல்யாணம்'. பத்திரிகை அனுப்பற புரோகிராம்ல கமா விட்டுப்போய், எல்லாருக்கும் தேதி மாறிப் போயிடுச்சாம். மண்டபத்துல மாப்பிள்ளை மட்டும் உக்காந்திருந்தாராம். இதெல்லாம் ஒரு பேச்சா? ஒரு கமாவை ஒழுங்கா வெக்கத் தெரியாதவன் என்னத்தைக் கல்யாணம் பண்ணி என்னத்தைக் குடும்பம் நடத்த?"

தாடி தாடியைச் சொறிந்துகொண்டார். "அந்த மூணாவதைப் படிச்சீங்களா? 'தொடாதே: யாருக்கும் புரியாத ஒரு ஃபைலோடு பன்னிரண்டு வருடம்'. பன்னிரண்டு வருஷமா அந்த ஃபைலைத் திறந்தே பார்க்கலையாம். அதைப் பெருமையா வேற எழுதியிருக்கு. நான் முதலாளியா இருந்தா அன்னிக்கே கணக்கை முடிச்சு அனுப்பியிருப்பேன்."

பொருளாளர் அம்மா காபியை எடுத்து ஒரே மடக்கில் குடித்தார்.

"இதெல்லாம் யார் எழுதினதுன்னு கண்டுபிடிக்க வழியே இல்லையாப்பா?" என்றார் தலைவர்.

"வழியே இல்ல. பேரை மறைக்கிற புரோகிராமை எழுதினதே நான்தானே. என்னாலயே கண்டுபிடிக்க முடியாது," என்றார் தாடி.

"அதுதான் நல்லது," என்றார் பொருளாளர் அம்மா. "போன வருஷம் கமிட்டிக்காரங்க நாமளே பேசி, நாமளே கை தட்டி, ஊரே சிரிச்சுது. இனிமே கமிட்டி ஆளுங்க அனுப்பக் கூடாதுன்னு நாம போட்ட சட்டம் இருக்கே, அதுதான் நமக்கு மரியாதை."

மற்ற இருவரும் பலமாகத் தலையாட்டினார்கள்.

ரகசிய ஓட்டு நடந்தது. பரீட்சை எழுதும் பிள்ளைகள் மாதிரி கையால் மறைத்துக்கொண்டு மூவரும் எழுதினார்கள். தலைவர் சீட்டுகளைப் பிரித்துப் பார்த்தார், இன்னொரு தடவை பார்த்தார். முகம் தொங்கிவிட்டது.

"மூணுக்கும் ஒவ்வொரு ஓட்டு. எதுக்குமே மெஜாரிட்டி இல்ல. மூணும் அவுட்."

மூவருக்குமே ஏதோ சொந்தக்காரர் போய்விட்ட மாதிரி துக்கமாக இருந்தது.

"அப்போ ஹால்?" என்றார் தாடி.

"போகட்டும்," என்றார் பொருளாளர் அம்மா. "தரம்னு ஒண்ணு இருக்கில்ல?"

"இருக்கு, இருக்கு." தலைவர் லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டார். "வருந்துகிறோம்னு ஒரு மெயில் அனுப்பிடலாம். கொஞ்சம் மனசு நோகாம எழுதணும். யார் பெத்த பிள்ளைங்களோ, பாவம்."

"'மிகவும் சிறப்பான முயற்சி'ன்னு போடுங்க," என்றார் தாடி.

"'அறிவாளிகளுக்கே புரியக்கூடியது'ன்னும் போடுங்க," என்றார் பொருளாளர் அம்மா.

தலைவர் எல்லாவற்றையும் போட்டார். 'உங்களைப் போன்றவர்களால்தான் இந்தத் துறையே நிற்கிறது' என்று சொந்தமாக ஒரு வரியும் சேர்த்தார். எழுதும்போது அவர் கண் கலங்கியது. பெருமூச்சு விட்டு, அனுப்புகிற பட்டனைத் தட்டினார். மிச்சத்தைத் தாடியின் புரோகிராம் பார்த்துக்கொள்ளும். ஒவ்வொரு மெயிலாக, அனுப்பியவருக்கே போய்ச் சேரும்.

சமையலறையிலிருந்து அவர் மனைவி கையில் போனோடு வந்தாள்.

"ஏங்க, கம்ப்யூட்டரை அணைச்சுப் போடற தத்துவத்தைப் பத்தி நான் பேச வேண்டாம்னு உங்க சங்கத்துல இருந்து மெயில் வந்திருக்கு. நான் எப்பங்க பேசறேன்னு கேட்டேன்?"

தலைவர் பக்கத்திலிருந்த துணியை எடுத்து மடிக்கத் தொடங்கினார்.

"மனைவி பேர்ல அனுப்பியிருக்கீங்க. சட்டம் போட்டவரே இப்படிப் பண்ணலாமா, வெக்கமா இல்லையா தலைவரே?" என்று பொருளாளர் அம்மாவும் தாடியும் கொதித்து எழுந்தபோது, அம்மாவின் கைப்பைக்குள்ளும் தாடியின் சட்டைப்பைக்குள்ளும் ஒன்றன்பின் ஒன்றாக மெயில் வந்து விழும் சத்தம் கேட்டது.