ரூசாலி வாரத்து வேலை

ரூசாலி திருவிழா வாரத்தில் ஊர்த் தடையை மீறி வேலை செய்பவர்களைக் காற்றுத் தேவதைகள் பிடித்துக்கொள்ளும். கலுஷ் ஆட்டம்தான் மருந்து. காய்ச்சலில் முனகும் ட்ரகோமிரை முற்றத்தில் கிடத்தி, ஆட்டக்காரர்கள் தாண்டித் தாண்டிக் குதித்தார்கள். அவர் எழவில்லை.

ஆட்டத் தலைவர் வியர்வையைத் துடைத்தார். “என்ன வேலைம்மா செஞ்சாரு? புல் அறுத்தாரா?”

“அரிவாளையே தொடலைண்ணே,” என்றாள் மனைவி சவெட்டா. “ஊரே வீட்ல இருந்தப்ப, இவரு மட்டும் தினம் ஆபீஸ் போனாரு. சொன்னாக் கேட்டாத்தானே!”

“எந்த ஆபீஸ்?”

“நகராட்சி. நிலப் பத்திரப் பிரிவு.”

தலைவர் ஆட்டக் கொடியைச் சுருட்டினார். “டேய், கிளம்புங்க.”

“அய்யோ, பாதியில விட்டுட்டுப் போறீங்களே!”

“என் பத்திரம் மூணு வருஷமா இவரு மேசையிலதான் தூங்குது. வேலை செஞ்சவங்களைத்தான் தேவதைங்க பிடிக்கும். நீ டாக்டரைக் கூப்பிடும்மா.”