வண்டியை எடு!

காம்ப்ளெக்ஸ் ஓனர் டில்லிபாபு வேகமாக வருவதைப் பார்த்ததுமே, காந்திமதி தன் இட்லி வண்டிக்கு முன்னால் கரண்டியோடு வந்து நின்றாள்.

"யக்கா, மொதல்ல வண்டிய எடு."

"இன்னாத்துக்கு? புது காம்ப்ளெக்ஸ் வாசல்ல அசிங்கமா கீதுன்னு தொரத்துன. இம்மாந் தூரம் தள்ளி வந்துட்டேன். இதுவும் உன் எடமா?"

"கோச்சிக்காதக்கா..."

"போலீசக் கூட்டியா. நகர மாட்டேன்!"

அப்போது ஒரகடத்திலிருந்து வந்த கம்பெனி பஸ் வழக்கம்போல அவள் வண்டியருகே நின்றது. டிரைவர் இட்லிக்குக் குரல் கொடுத்தபடி இறங்கினார். பின்னாலேயே இறங்கிய ஷிப்ட் முடிந்த பெண்கள், பக்கத்தில் புதிதாக முளைத்திருந்த கொட்டகைக் கடைகளில் காய்கறியும் செருப்பும் பார்க்கத் தொடங்கினார்கள். டில்லிபாபு, தூரத்தில் ஈயாடிக்கொண்டிருந்த தன் காம்ப்ளெக்ஸைப் பார்த்தான்.

"நீ இங்க வந்ததும் பஸ்ஸுங்க பூரா உன் பின்னாடியே வந்துடுச்சிக்கா. என் கடைக்காரங்க எல்லாம் காலி பண்றேன்றாங்க. வண்டிய எடுத்துனு வந்து பழைய எடத்துலயே போடு. உன் கால்ல வேணா வுழறேன்."

காந்திமதி நிதானமாக டிரைவருக்குச் சட்னி ஊற்றிவிட்டுத் திரும்பினாள்.

"வாசல்ல எல்லாம் இனிமே நிக்க மாட்டேன். உன் காம்ப்ளெக்ஸ்ல ரோட்டப் பாத்த கடை சாவியக் குடு, வரேன்."