முடக்குப் பீரங்கி

"ஒரு அடிக்கு ரெண்டு சுத்து கப்பலை நிறுத்தி வெக்கும்னா அது பீரங்கி இல்லை, அராஜகம்," என்றான் விக்ரம்.

சாதனா பகடையைக் குலுக்கினாள்.

டாக்குரியாவில் அவள் வீட்டுச் சாப்பாட்டு மேஜை முழுக்க விண்வெளி. நாலு வருஷமாக ஞாயிறுதோறும் இங்கே போர். விதிகள் இருவரும் சேர்ந்து எழுதியவை, சண்டை போட்டுத் திருத்தியவை. அவன் கப்பல்கள் கடையில் வாங்கியவை. அவளுடையவை பட்டன், பாட்டில் மூடி, ஊக்கு.

இன்று அவளுக்குப் புதிதாக ஒரு தாய்க்கப்பல். வெள்ளைப் பீங்கான் கழுத்தும் இரும்பு மூக்குமாகக் கம்பீரமாக இருந்தது. சாப்பிட்டதும் வங்காளத்து இனிப்புத் தயிரான மிஷ்டி தொய் வாங்கப் போனவள், அதை மறந்துவிட்டு இந்தக் கப்பலோடு திரும்பியிருந்தாள். எங்கே பிடித்தாய் என்று அவனே வாயைப் பிளந்து கேட்டான்.

அதுதான் இப்போது அவன் போர்க்கப்பலை முடக்கியிருந்தது.

ஒரு சுற்று போதும் என்பது அவன் கட்சி. ஓடாத கப்பலுக்கும் உடைந்த கப்பலுக்கும் என்ன வித்தியாசம்? அவளோ தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நின்றாள்.

"நான் எதையும் உடைக்கலையே. நிக்கத்தானே வெச்சேன். அப்புறம் கிளம்பறதும் கிளம்பாததும் கப்பலோட இஷ்டம்."

வேறு ஞாயிறாக இருந்தால் இருட்டும்வரை வாதாடியிருப்பான். இன்று நாலரைக்குள் ஊரின் அந்தக் கோடியிலிருக்கும் சால்ட் லேக் போயாக வேண்டும், பெண் பார்க்க. அம்மா முன்கூட்டியே போய் அங்கே உட்கார்ந்திருக்கிறாள். நாலரைக்கு மேல் ராகு காலம். அந்த நேரத்தில் அம்மா பால் பாக்கெட்டைக்கூடப் பிரிக்க மாட்டாள்.

சாதனாவிடம் போன வாரமே சொல்லியிருந்தான். "ஓ" என்றாள், அவ்வளவுதான். அந்த ஓரெழுத்து ஒரு வாரமாக அவன் நெஞ்சில் முள்ளாகக் குத்தியது. போகாதே என்று அவள் சொல்லியிருந்தால் போகவே மாட்டான். அவனும்தான் கேட்கவில்லை. மலையளவு ஆசை, எள்ளளவு தைரியம்.

ஒரு சுற்றுதான் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுக் கீழே இறங்கினான்.

ஸ்கூட்டர் மூச்சே விடவில்லை. பொத்தானை அழுத்தினான், உதைத்தான், கெஞ்சினான். பெட்ரோல் மூடியைத் தவிர அதில் வேறெதையும் திறக்கத் தெரியாதவன்.

எதிர்க்கடை மெக்கானிக் தபன் சிரித்தபடி வந்தான். கையிலிருந்த சின்ன அட்டைப்பெட்டியைப் பிரித்துக் காட்டினான். புத்தம்புது ஸ்பார்க் பிளக்.

வெள்ளைப் பீங்கான் கழுத்து. இரும்பு மூக்கு.

வண்டியிலிருந்த பிளக்கை மத்தியானம் தீதி, அதாவது மாடி வீட்டு அக்காதான், கழற்றி வாங்கிப் போனதாகத் தபன் வங்காளத்தில் விளக்கினான். தாதா, அதாவது இந்த அண்ணன், கேட்டால் உடனே புதியதை மாட்டிவிட வேண்டுமாம். கேட்டால் மட்டும்.

விக்ரம் கடிகாரத்தைப் பார்த்தான். இப்போது மாட்டினாலும் ராகு காலத்துக்கு முன் போய்ச் சேர்ந்துவிடலாம். நிமிர்ந்தான். மாடி ஜன்னலில் ஒரு தலை சட்டென்று திரைக்குப் பின் ஒளிந்தது.

நாளைக்கு மாட்டினால் போதும் என்றான் தபனிடம்.

மேலே சாதனா தலை நிமிராமல் பகடையைக் குலுக்கிக்கொண்டே இருந்தாள். எதிரே உட்கார்ந்தவன், முடங்கிக் கிடந்த தன் கப்பலை எடுத்து அவளுடைய தாய்க்கப்பலை ஒட்டி வைத்தான். முடங்கிய கப்பல் நகரக்கூடாது. அவள் ஆட்சேபிக்கவில்லை.

"ரெண்டு சுத்துன்னே வெச்சுக்கலாம்," என்றான்.

போன் அடித்தது. அம்மாதான். வண்டி கிளம்பவில்லை என்றான். அதில் பொய் ஒன்றும் இல்லை.

"ஐயையோ, இனிமே கிளம்பினா ராகு காலம்டா! எங்க இருக்கியோ அங்கேயே இரு!"

விக்ரம் அம்மா சொல்லைத் தட்டாத பிள்ளை.